ஃபிட்ஜெட் பொம்மைகளைப் பாடக் கருவியாக்குவது எப்படி? தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கை சும்மா இல்லாமல் அமுக்கவும் சுற்றவும் வளைக்கவும் உதவுபவைதான் ஃபிட்ஜெட் பொம்மைகள். பாப் இட் (வரிசை வரிசையாக அமுக்கும் குமிழ்கள் உள்ள சிலிகோன் தட்டு), ஸ்பின்னர் (விரலில் வைத்துச் சுற்றுவது), டேங்கிள் (வளைந்த துண்டுகள் கோத்த சங்கிலி), பாப் டியூப் (இழுத்தால் நீளும் நெளிகுழல்) என்று பிள்ளைகள் கையில் சுற்றும் பொம்மைகளைப் பாடத்துக்குப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்று பல ஆசிரியர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். முதல் நாளே வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஒரு வாரத்தில் அத்தனையும் பீரோவுக்குள் போய்விடுகின்றன. குறை பொம்மையில் இல்லை. எதை வாங்குவது, எத்தனை வாங்குவது, பாடத்தின் எந்த நேரத்தில் கையில் கொடுப்பது, எப்போது திரும்ப வாங்கிக்கொள்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்காததுதான் குறை.

கீழே உள்ள படிகள் 4 முதல் 7 வயது வரையுள்ள வகுப்புகளுக்கானவை. 3 வயது நிரம்பாத பிள்ளைகள் இருக்கும் அறைக்கு இவை வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கை சும்மா இருந்தால் தவிக்கும் ஒரு குழந்தைக்கு, அதன் தேவைக்காகத் தனியாகக் கொடுக்கும் பொம்மை வேறு. வகுப்பே பாடத்துக்காக எடுக்கும் பொம்மை வேறு. முன்னதை நாள் முழுக்க அந்தக் குழந்தையிடமே விட்டுவைக்கலாம். பின்னதைப் பாடம் முடிந்ததும் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். இரண்டையும் கலந்தால், "அவனுக்கு மட்டும் ஏன் மிஸ்?" என்ற கேள்விக்கே பாதி நேரம் போய்விடும்.

1. எந்தப் பொம்மை என்பதை முடிவு செய்யுங்கள்

கடையில் பத்து வகை தொங்கும். வடிகட்ட ஒரு கேள்வி போதும்: குழந்தை செய்தது, செய்தபடியே நிற்குமா?

பாப் இட்டில் ஒரு குமிழை அமுக்கினால் அது அமுங்கியபடியே இருக்கும். ஏழு அமுக்கினால் ஏழு அமுங்கி நிற்கும். குழந்தை கையை எடுத்துவிட்டுத் திரும்ப எண்ணிப் பார்க்கலாம், பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடலாம், நீங்கள் மேசை மேசையாக வரும்வரை விடை அங்கேயே காத்திருக்கும். அதனால்தான் இது எண்ணும் கருவியாகிறது. ஸ்பின்னர் சுற்றி நின்றதும் எதுவும் மிஞ்சாது. ஸ்ட்ரெஸ் பால் எனும் பிசையும் பந்து, அமுக்கிக் கையை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். சிறு கனசதுரங்களைக் கீல்களால் இணைத்த இன்ஃபினிட்டி கியூபும் அப்படித்தான். போதாக்குறைக்கு அதன் கீல்களில் சின்ன விரல்கள் மாட்டும்.

ஆகவே முதல் வருடம் பாப் இட் ஒன்றை மட்டும் வாங்குங்கள். மற்றவற்றைப் பற்றி 8-ஆம் படியில் கொஞ்சம் உண்டு.

பாப் இட்டிலும் எல்லாம் உதவாது. சதுர வடிவம், ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 குமிழ். இதுதான் வேண்டும். டைனோசர், யூனிகார்ன், இதயம், வட்டம் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் வரிசைக்கு வரிசை குமிழின் எண்ணிக்கை மாறும். பெருக்கலும் வராது, வரிசைகளை ஒப்பிடவும் முடியாது. நிறத்தில், ஒவ்வொரு வரிசையும் ஒரு நிறமாக இருப்பதை எடுங்கள். "பச்சை வரிசையில் நான்கு அமுக்கு" என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே இடம்தான். நிறங்கள் கலந்து வழியும் வகையில் அப்படிச் சொல்ல முடியாது. சாவிக்கொத்தில் மாட்டும் குட்டி பாப் இட் வேண்டவே வேண்டாம்.

2. வாங்கும் முன் பாதுகாப்புச் சோதனை

வகுப்பு முழுவதுக்கும் ஆர்டர் போடும் முன் ஒன்றை மட்டும் வாங்கி, கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

பொதியில் வயது எச்சரிக்கை, தயாரிப்பாளர் பெயர், தொகுப்பு எண், பொம்மைப் பாதுகாப்புத் தர எண் ஆகியவை இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8124, இ.என். 71, ஏ.எஸ்.டி.எம். எஃப் 963 ஆகியவை பொம்மைகளுக்கான தரங்கள். எந்த எண்ணும் இல்லாத, வெறும் பாலிதீன் உறையில் வரும் பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வகுப்புக்கு ஆகாது.

உறையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். நல்ல சிலிகோனுக்கு வாசனை மிகக் குறைவு. பெட்ரோல் மாதிரியோ எரிந்த ரப்பர் மாதிரியோ அடித்தால் திருப்பி அனுப்புங்கள். லேசான வாசனை என்றால் சோப்பு நீரில் கழுவி, இரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, ஒரு மூலையைப் பிடித்து முறுக்குங்கள். முறுக்கிய இடம் வெளுத்தால் சிலிகோனோடு வேறு நிரப்புப் பொருள் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டது சீக்கிரம் கிழியும்.

கிழிவது எப்போதும் குமிழின் அடிவிளிம்பில், மடிந்து மடிந்து மெலிந்த அந்த வளையத்தில்தான். குமிழைப் பெருவிரலால் தள்ளிப்பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். விளிம்பில் மயிரிழை போல் ஒளி தெரிந்தால் கிழிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் குழந்தை அதைக் கிள்ளிக் கிள்ளி முழுக் குமிழையும் பிய்த்து வாயில் போடும். பயன்பாட்டில் இருக்கும் எல்லா பாப் இட்களுக்கும் வாரம் ஒரு முறை இந்தச் சோதனை தேவை. ஒரு குமிழ் கிழிந்தாலும் முழுப் பொம்மையும் குப்பைக்கு. ஒட்டிப் பயன்படுத்த முயல வேண்டாம்.

மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்தைப் பொறுத்தவரை, 3 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. கைவசம் அந்த உருளை இல்லாவிட்டால் டிஷ்யூ ரோலின் உள்குழலை வைத்துப் பாருங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் சோதனை கூடுதல் கண்டிப்பாகவே அமையும். 4 வயதுக்கு மேல் என்றாலும் எதையும் வாயில் வைக்கும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும்.

மூன்றை மட்டும் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

விளக்கு எரியும் ஸ்பின்னர்: உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தொடக்கத்தில் அறிகுறிகூடத் தெரியாமல் போகலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காந்த உருண்டைகள், காந்த வளையங்கள்: இரண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடற்சுவரைத் துளைத்துவிடும்.

நீர்மணி அடைத்த பிசையும் பந்து: பந்து வெடித்தால் உள்ளிருக்கும் மணிகள் சிதறும். விழுங்கினால் அவை வயிற்றுக்குள் ஊறிப் பெருத்து குடலை அடைக்கலாம்.

3. எத்தனை, என்ன செலவு

தலைக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். முப்பது பாப் இட் ஒரே நேரத்தில் ஒலித்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. ஆறு பேர் கொண்ட குழுவாகச் சுழற்சி முறையில் நடத்தினால் 6 போதும். உபரி 2 சேர்த்து 8. ஒரு குழு பாப் இட்டோடு இருக்கும்போது மற்றக் குழுக்கள் எழுத்து, படம், வாசிப்பு என்று வேறு வேலையில் இருக்கும். வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் செய்யவைக்க வேண்டுமானால் இருவருக்கு ஒன்று: 30 பிள்ளைகளுக்கு 15, உபரி 3, மொத்தம் 18. உபரி இல்லாமல் தொடங்க வேண்டாம். இரண்டாம் மாதத்திலேயே ஓரிரண்டு கிழியும்.

எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிற வரிசையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அதற்காக நடக்கும் சண்டையைத் தீர்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

பொம்மை மட்டுமே செலவு என்று கணக்குப் போடுவது பொதுவான தவறு. மூடியுள்ள பெட்டி, துவைக்கப் பயன்படும் வலைப்பை, தடித்த அட்டை, லேமினேஷன், நிரந்தர மார்க்கர், மேசைக்குப் போட ஃபெல்ட் துணி, கட்டம் போட்ட தாளின் நகல் எல்லாம் சேர வேண்டும். இவற்றில் நகல் செலவு மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். அதைக் குறைக்க, கட்டத் தாளை லேமினேட் செய்து, அழியும் மார்க்கரால் வண்ணம் தீட்டச் சொல்லலாம்.

பத்துக்குப் பத்து, 100 குமிழ் உள்ள பெரிய பாப் இட் கிடைத்தால் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஆசிரியர் முன்னால் பிடித்துக் காட்ட உதவும். அதைக் கத்தரித்துப் பத்துப் பத்துக் குமிழாகப் பிரிக்கும் யோசனை பரவலாக இருக்கிறது. செய்யலாம்தான்; ஆனால் வெட்டிய ஓரத்தில் பிடிமானம் குறைந்து குமிழ் தொளதொளக்கும், சீக்கிரம் கிழியும். அதைவிட 5-ஆம் படியில் வரும் அட்டைச் சட்டம் மேல்.

4. தாள்கள்: தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இந்த வேலையை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து "பள்ளியில் பொம்மை வைத்து விளையாடுகிறார்களாமே" என்று கேள்வி வரும்போது இந்தத் தாள்கள்தான் பதில் சொல்லும்.

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு. பொம்மையின் பெயரில் தொடங்காதீர்கள். பாடத்திட்டத்தில் உள்ள கற்றல் நோக்கத்தில் தொடங்குங்கள். "10-க்குள் கூட்டல், கழித்தல், சொல்லில் உள்ள எழுத்துகளைப் பிரித்தறிதல்" என்று எழுதிவிட்டு, கருவி பாப் இட் என்று அதன்கீழ் போடுங்கள். வாங்கும் எண்ணிக்கை, வாரத்துக்கு எத்தனை முறை, ஒரு முறைக்கு எத்தனை நிமிடம் என்பதும் அதில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு அறிவிப்பு. நான்கு விஷயம் போதும்: எதற்காகப் பயன்படுத்துகிறோம், பொருள் சிலிகோன், ஒவ்வாமை ஏதும் இருந்தால் எழுதித் தாருங்கள், வீட்டிலிருந்து பொம்மை கொடுத்தனுப்ப வேண்டாம். கடைசி வரியை அடிக்கோடிடுங்கள். அது இல்லாவிட்டால் மறுநாளே பத்து விதப் பொம்மைகள் பையில் வந்து சேரும்.

இருப்புப் பதிவேடு. ஒவ்வொரு பாப் இட்டின் பின்பக்க மூலையிலும் எண் எழுதுங்கள். வாங்கிய தேதி, கழுவிய தேதி, கிழிசல் சோதனை, கழித்த தேதி என்று நான்கு பத்தி. ரசீதையும் பொதியில் உள்ள தொகுப்பு எண்ணின் படத்தையும் இதோடு வையுங்கள். ஒரு தயாரிப்பு திரும்பப் பெறப்படும்போது அந்த எண்தான் கேட்பார்கள்.

குழந்தைவாரியான கவனிப்புத் தாள் ஒன்றும் வேண்டும். அதன் பத்திகள் 7-ஆம் படியில்.

நேரக் கணக்கு: குறிப்பும் அனுமதியும் ஒரு வாரம், மாதிரி வாங்கிச் சோதிக்க ஒரு வாரம், ஆர்டர் வந்து கழுவிக் காயவைக்க ஒரு வாரம், அட்டைகள் செய்ய ஒரு வாரம். பருவம் தொடங்க நான்கு வாரத்துக்கு முன் ஆரம்பித்தால் அவசரமில்லாமல் முடியும்.

5. பாப் இட்டைத் தயார் செய்தல்

புதிதாக வரும் பாப் இட் விறைப்பாக இருக்கும். 4 வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது அமுங்காது. உள்ளங்கையால் அமுக்கி, பிறகு குமிழ் குமிழாக அமுக்கி, இருபக்கமும் மூன்று நான்கு சுற்று தளர்த்திக் கொடுங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கவனிக்க: ஒரு பக்கத்திலிருந்து அமுக்கினால் 'டொப்' என்று பலமாகவும், மறுபக்கத்திலிருந்து அமுக்கினால் மெதுவாகவும் ஒலிக்கும். மெதுவாக ஒலிக்கும் பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். பாட நேரத்தில் "புள்ளிப் பக்கம்" என்று சொல்லிப் பழக்குங்கள். கீழே ஃபெல்ட் துணி போட்டால் இன்னும் குறையும். சத்தத்துக்குக் கூசும் குழந்தை இருந்தால், குமிழின் நடுவில் குத்தாமல் பெருவிரலின் சதைப்பகுதியால் மெல்லத் தள்ளச் சொல்லிக்கொடுங்கள்.

எழுத்தும் எண்ணும் ஒட்டுவதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். சிலிகோனில் ஸ்டிக்கர் ஒட்டாது. இரண்டாம் நாளே உரிந்து தரையில் கிடக்கும், அல்லது யாருடைய வாயிலாவது இருக்கும். நிரந்தர மார்க்கர் எழுதும். ஆனால் குமிழின் உச்சியில் எழுதினால் விரல் பட்டுப் பட்டு ஒரே வாரத்தில் மங்கும். குமிழ்களுக்கு இடையே உள்ள தட்டையான இடத்தில் சின்னதாக எழுதினால் அதிக நாள் நிற்கும். ஆல்கஹால் துடைப்பான், சானிட்டைசர் இரண்டுமே மார்க்கர் எழுத்தை அழித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். எழுதிய பாப் இட் என்றால் சோப்பு நீர்தான்.

இன்னொரு பொறி: எல்லாக் குமிழையும் அமுக்கி முடித்ததும் பிள்ளை இயல்பாகவே பொம்மையைத் திருப்பிப் போடும். அந்தப் பக்கத்தில் எழுத்து இருக்காது. ஒரு பக்கத்து எழுத்தை அதே குமிழின் பின்புறத்தில் எழுதினால் வரிசை வலமிருந்து இடமாக ஓடும். பின்பக்கத்துக்கும் இடமிருந்து வலமாகப் புதிதாக எழுத வேண்டும், இல்லையென்றால் வெறுமையாக விட வேண்டும்.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்றால் பாப் இட்டில் எதுவும் எழுதாதீர்கள். அட்டையில் செய்துவிடலாம். தடித்த அட்டையில், பாப் இட்டின் மேல் வைத்தால் ஐந்துக்கு இரண்டு குமிழ் மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டுங்கள். இதுதான் பத்துச் சட்டம். அதேபோல் மூன்றுக்கு நான்கு, இரண்டுக்கு ஆறு என்று வேண்டிய அளவுகளில் சட்டங்கள் செய்துகொள்ளலாம். எழுத்துகளுக்கு, வரிசைகளின் ஓரத்தில் நிற்கும் பட்டை அட்டை. லேமினேட் செய்தால் வருடம் முழுக்க வரும்.

6. முதல் இரண்டு வாரம்

முதல் இரண்டு வகுப்பிலும் பாடம் நடத்த முயலாதீர்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம் சும்மா அமுக்கி விளையாடட்டும். அந்த ஆசை தீராமல் "இப்போது எண்ணுவோம்" என்றால் ஒரு காதும் உங்கள் பக்கம் இருக்காது.

மூன்று பழக்கங்களை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கட்டளையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே பொம்மை கைக்குப் போக வேண்டும். இரண்டு, நிறுத்தச் சொல்லும்போது "அமுக்காதே" என்று சொல்லிப் பயனில்லை. கையில் இருந்தால் விரல் அமுக்கத்தான் செய்யும். "கீழே வை, கை மடியில்" என்று சொல்லுங்கள். மூன்று, பெட்டிக்குள் போகும் முன் எல்லாக் குமிழும் ஒரே பக்கம் புடைத்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அடுத்த குழு ஏற்கெனவே பாதி அமுங்கிய பாப் இட்டை எடுத்து எண்ணும், விடை தப்பாகும், குழந்தை தன் எண்ணிக்கையைத்தான் சந்தேகிக்கும். திருத்தி வைக்கும் வேலையையே வரிசை வரிசையாக ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று சேர்ந்து சொல்லிக்கொண்டு செய்தால் அதுவும் பாடம்தான்.

ஒரு முறைக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதும். கொடுக்கவும் வாங்கவும் நான்கு நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

7. பாடங்கள்

கணக்கு

பத்துச் சட்டத்தை வைத்து 7 அமுக்கச் சொல்லுங்கள். மேல் வரிசை முழுக்க, கீழ் வரிசையில் இரண்டு. "ஐந்தும் இரண்டும் ஏழு" என்று எண்ணாமலே பார்த்துச் சொல்லும் பழக்கம் இதில் வரும். அமுங்காமல் நிற்பது மூன்று. 7 + 3 = 10. இப்போது சட்டத்தை எடுத்துவிட்டு, பொம்மையைத் திருப்பி, மறுபக்கம் அதே பத்துக் குமிழின்மேல் சட்டத்தை வையுங்கள். அந்தப் பக்கம் ஏழு புடைத்திருக்கும், மூன்று குழிந்திருக்கும். எதையும் தொடாமலே 3 + 7 = 10 ஆகிவிட்டது. சோழி, குச்சி, மணி எதிலும் இந்த வசதி கிடையாது. பாப் இட்டை வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும். 10 − 7 என்பதையும் இதே நிலையில் கேட்டுவிடுங்கள்.

ஒற்றை, இரட்டைக்கு: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து இரண்டிரண்டாக அமுக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு விரல் வேலையில்லாமல் நின்றால் ஒற்றைப்படை. பெருக்கலுக்கு மூன்றுக்கு நான்கு சட்டம். அதையே பாப் இட்டோடு கால் சுற்று திருப்பி வைத்தால் நான்குக்கு மூன்று. விடை மாறவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

விளையாட்டாக ஒன்று. இருவர், ஒரு பாப் இட். தன் முறை வரும்போது ஏதாவது ஒரு வரிசையில் எத்தனை குமிழ் வேண்டுமானாலும் அமுக்கலாம். ஒன்றாவது அமுக்க வேண்டும். கடைசிக் குமிழை அமுக்குபவர் தோற்றார். 5 வயதுக்கு மூன்று வரிசை போதும். 7 வயதில் இரண்டு வரிசையோடு ஆடச் சொல்லுங்கள். எதிராளி ஒரு வரிசையில் செய்ததை மறுவரிசையில் அப்படியே செய்துகொண்டு போனால் இரண்டாவதாக ஆடுபவர் வெல்வார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற வேண்டும்: எதிராளி ஒரு வரிசையை முழுதாக முடித்தால் நாம் மற்றதில் ஒன்றை மீதி வைக்க வேண்டும், அவர் ஒன்றை மீதி வைத்தால் நாம் மற்றதை முழுதாக முடிக்க வேண்டும். இதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிக்கத்தான் போகிறார்.

தமிழ்

ஆறுக்கு ஆறு என்ற அமைப்பு தமிழ் எழுத்துக்கென்றே செய்தது போல் பொருந்தும். உயிர் 12, இரண்டு வரிசை. மெய் 18, மூன்று வரிசை. கடைசி வரிசையில் ஆய்தம் ஒன்று. மீதி ஐந்து குமிழை மூடிவிடுங்கள்.

மெய்யை நெடுங்கணக்கு வரிசையில் வைத்தால் முதல் வரிசை க் ங் ச் ஞ் ட் ண். வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் பக்கத்துப் பக்கத்தில் அமையும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்தால் இனத்துக்கு ஆறு, சரியாக ஒரு வரிசை. தொடக்கத்தில் நெடுங்கணக்கு, இனம் கற்பிக்கும்போது அட்டையை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்துக் குழப்ப வேண்டாம்.

உயிரில் ஒரு சிக்கல் உண்டு. முதல் வரிசை அ ஆ, இ ஈ, உ ஊ என்று குறிலும் நெடிலும் ஜோடியாக ஓடும். இரண்டாம் வரிசையில் எ ஏ முடிந்ததும் ஐ குறுக்கே வரும். ஜோடியாகவே அமுக்கிப் பழகிய பிள்ளை ஐயையும் ஒவையும் ஜோடி சேர்க்கும். அதனால் ஜோடியாக வேண்டாம். குறில் ஐந்தையும் மட்டும் அமுக்கச் சொல்லுங்கள்: அ, இ, உ, எ, ஒ. எழும்பி நிற்கும் ஏழும் நெடில்.

சொல்லில் எழுத்தைப் பிரிக்க, எழுத்துக்கு ஒரு குமிழ். 'பூ' ஒன்று, 'வீடு' இரண்டு, 'குதிரை' மூன்று. இதுவரை தடையில்லை. 'பட்டம்' என்றதும் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டுதான் அமுக்குவார்கள், காதில் விழுவது பட், டம் என்பதால். புள்ளி வைத்த எழுத்து தனியாகக் காதில் விழாது. இங்கே "தப்பு" என்று சொல்லாமல், ப, ட், ட, ம் என்று இழுத்துச் சொல்லி நான்கு அமுக்கிக் காட்டுங்கள். முதல் வாரம் மெய் வராத சொற்கள், இரண்டாம் வாரம் 'மரம்', 'கல்' போல இறுதியில் மட்டும் மெய் வருபவை, மூன்றாம் வாரம் 'அம்மா', 'பட்டம்' போல நடுவில் வருபவை. இந்த வரிசையை மாற்றினால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

ல, ள, ழ குழப்பத்துக்கு மூன்று வரிசையை ஒதுக்கி, வரிசைக்கு ஓர் எழுத்து. நீங்கள் 'பல்', 'பள்ளம்', 'பழம்' என்று சொல்லச் சொல்ல, எந்த எழுத்து கேட்கிறதோ அந்த வரிசையில் ஒன்று. உங்கள் உச்சரிப்பு சுத்தமாக இல்லாவிட்டால் இது வேலை செய்யாது; முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பொம்மையிலிருந்து தாளுக்கு

மேலே உள்ளவற்றை எல்லாம் செய்தும் பலன் தெரியவில்லை என்பவர்கள் விட்டது இந்த இடத்தைத்தான். அமுக்கியதைக் கட்டத் தாளில் வண்ணம் தீட்ட வேண்டும்; அதன் கீழே 7 + 3 = 10 என்று எழுத வேண்டும். அதே வகுப்பில், அதே பன்னிரண்டு நிமிடத்துக்குள். இல்லையென்றால் பிள்ளைக்குப் பாப் இட்டில் வரும் கணக்கு நோட்டில் வராது. கவனிப்புத் தாளில் மூன்று பத்தி வைத்து, பொம்மையோடு செய்கிறதா, படத்தோடு செய்கிறதா, வெறும் எண்ணாகவே செய்கிறதா என்று தேதி போட்டுக் குறியுங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்றாவது பத்தியில் குறி விழுந்தால், அந்தத் திறனுக்கு அந்தக் குழந்தையிடம் பாப் இட் கொடுப்பதை நிறுத்திவிடலாம்.

8. மற்றப் பொம்மைகள், சுருக்கமாக

பாப் டியூபை இழுத்தால் நீளும். சுருக்கியபோது எத்தனை விரற்கடை, இழுத்தால் எத்தனை என்று அளக்க வைக்கலாம். ஒரு முனையை வாயருகிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்து மெதுவாக வாசித்தால் தன் குரல் தனக்கே தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒருவர் காதில் இன்னொருவர் கத்துவார், எச்சிலும் போகும். ஆளுக்கு ஒன்று கட்டாயம்.

டேங்கிளை வளைத்து ட, ப, ம போன்ற எழுத்துகளைச் செய்யலாம். துண்டுகள் கழன்று வரும் என்பதால் வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். ஸ்பின்னரை மணற்கடிகாரம் போலப் பயன்படுத்தி, அது நிற்பதற்குள் எத்தனை சொல் வாசிக்கிறாய் என்று கேட்கலாம். ஆனால் சுற்றுவதை வேடிக்கை பார்ப்பதிலேயே பாதி நேரம் போகும். எங்கள் கணக்கில் இதற்குக் கடைசி இடம்தான்.

9. கழுவுதல், வைத்தல், கழித்தல்

நாள்தோறும் பயன்படுத்திய பிறகு ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைக்கவும். வாரம் ஒரு முறை வலைப்பையில் போட்டு வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசவும். கழுவுவதைவிடக் காயவைப்பதில்தான் தவறு நடக்கிறது. குழிந்த குமிழ்களில் தண்ணீர் தேங்கும். அப்படியே பெட்டிக்குள் போட்டால் நாற்றமும் பூஞ்சையும் வரும். உதறிவிட்டு, சாய்த்து நிறுத்தி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். சிலிகோன் தூசியையும் நூலையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே திறந்த கூடை வேண்டாம்.

சளி, காய்ச்சலோடு வந்த பிள்ளை தொட்டதையும், யாராவது வாயில் வைத்ததையும் அன்றைக்குத் தனியே எடுத்துவைத்துக் கழுவுங்கள். இதற்காகப் பெட்டியோடு ஒரு சிறு டப்பா இருக்கட்டும்.

பருவ இறுதியில் பதிவேட்டில் உள்ள எண்ணையும் பெட்டியில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். தொளதொளத்து, தானாகவே அமுங்கிக்கொள்ளும் குமிழ்கள் உள்ளவற்றைக் கழித்துவிடுங்கள். அவற்றில் எண்ணிக்கை நிற்காது. குறைந்ததை அதே நிற வரிசையில், அதே தயாரிப்பாளரிடமிருந்து விடுமுறைக்கு முன்பே ஆர்டர் போட்டுவிட்டால், பள்ளி திறக்கும் நாளுக்குள் வந்து, கழுவி, எண் எழுதித் தயாராகிவிடும்.